கோணான்குப்பமும் தரங்கம்பாடியும்: தமிழகத்தில் விவிலிய விளக்க நெறிகளின் வரலாறு

விருத்தாசலம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவை பீங்கான் பொருள்களும் பழமலைநாதர் கோயிலும். அக்கோயிலின் அம்மனுக்கு விருத்தாம்பிகை, பெரியநாயகி என்ற பெயர்கள் உண்டு. அதே வட்டத்தில், முகாசாபரூரை அடுத்த கோணான்குப்பத்தில், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த ஒரு மாதா கோயிலும் பெரியநாயகி என்ற பெயரையே தாங்கியிருக்கிறது. அங்கு மரியாள் தமிழ்ப் பெண்ணின் உடையோடும் அணிகளோடும் காட்சி தருகிறார். இக்கோயிலை அமைத்தவர், தமிழுலகம் வீரமாமுனிவர் என்று அறியும் இத்தாலிய இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி (1680–1747). முகாசாபரூர் பாளையக்காரர் கச்சிராயர் இதற்கு ஆதரவு தந்தார் என்றும், தேம்பாவணி இங்கிருந்தே பாடப்பட்டது என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன.

இங்கிருந்து தென்கிழக்கே, கடற்கரையில், டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் அதே காலத்தில் வேறொரு பணி நடந்துகொண்டிருந்தது. 1706இல் வந்திறங்கிய ஜெர்மானிய லூத்தரன் குரு பர்த்தலோமேயு சீகன்பால்கு தமிழ் கற்றார். 1708இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711இல் முடித்தார். 1714–15இல் அது அச்சேறியது. 1719இல் அவர் இறந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத்து நூல் வரை மொழிபெயர்ப்பு முடிந்திருந்தது. மீதியைப் பெஞ்சமின் சூல்ச் நிறைவு செய்ய, 1728இல் பழைய ஏற்பாடும் முழுமை பெற்றது.

அதே 1728இல் வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார். அது தரங்கம்பாடியாருக்கு எதிரான நூல். பின்னர் 'பேதகமறுத்தல்' என்ற மறுப்பு நூலும் அவரிடமிருந்து வந்தது. வேதநூலுக்கு யார், எந்த முறையில் பொருள் சொல்வது என்பது தமிழ் உரைநடையில் விரிவாக விவாதிக்கப்பட்டது இந்தப் பூசலில்தான்.

இரு நெறிகள்

பூசலின் வேர் ஐரோப்பாவில் இருந்தது. வேதநூல் தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும், தெளிவான இடங்களைக் கொண்டு தெளிவற்ற இடங்களை அறிய வேண்டும் என்பது மார்ட்டின் லூத்தர் வற்புறுத்திய கொள்கை. திருச்சபை தொன்றுதொட்டுக் கொண்டுவரும் பொருளுக்கு மாறாக எவரும் தம் விருப்பப்படி வேதநூலுக்குப் பொருள்கொள்ளலாகாது என்று கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் 1546இல் விதித்தது. ஒரு சாரார் பனுவலையே பனுவலுக்குச் சான்றாக்கினர். மறு சாரார் வாழையடி வாழையாக வந்த மரபைச் சான்றாக்கினர்.

சீகன்பால்கு பயின்ற ஹாலே நகரம் இந்த முதல் நெறியின் பயிற்சிக்களம். அங்கு ஆசிரியராக இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, வேதநூலைப் படிக்கும் முறை குறித்து 1693இல் ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். முதலில் மூலமொழியின் இலக்கணமும் வரலாற்றுச் சூழலும். அதன் பிறகே உட்பொருள். உமியை நீக்கித்தான் அரிசியை அடையவேண்டும் என்பதுபோன்ற அணுகுமுறை அது. எனவேதான் சீகன்பால்குவுக்கு எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் உள்ளதை மக்கள் பேச்சுக்கு நெருங்கிய தமிழில் அச்சிட்டு அவர்கள் கையில் கொடுப்பது முதற்கடமையாகப் பட்டது.

வீரமாமுனிவர் இதை ஏற்கவில்லை. கேட்போர் நகைக்கும் நடையில் திருநூலைத் தருவது அதற்கே இழுக்கு என்று கடுமையாக எள்ளினார். சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் தந்தவருக்கு அந்த நடை உறுத்தியதில் வியப்பில்லை. ஆனால் அவர் கட்சியிலும் ஒரு குறை இருந்தது. தரங்கம்பாடியாரின் தமிழைப் பழித்த காலத்தில் கத்தோலிக்கத் தமிழர் கையில் அச்சிட்ட வேதநூல் எதுவும் இல்லை. அவர்களுக்கு அது கிடைத்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.

வீரமாமுனிவரின் நெறிக்கு நல்ல சான்று தேம்பாவணி (1726). நற்செய்தி நூல்களில் யோசேப்பு ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவரைப் பற்றிய குறிப்புகளும் சில பக்கங்களுக்குள் அடங்கும். அவரைத் தலைவனாக்கி 36 படலங்களில் 3,615 பாடல்களைப் பாட வேண்டுமானால் பனுவலுக்கு வெளியே செல்லாமல் முடியாது. வீரமாமுனிவர் ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரெதா மரியாளின் நூலையும் சபை மரபுக் கதைகளையும் எடுத்தாண்டார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் பெருக்கத்தைக் குறிப்பதால் அவருக்கு 'வளன்' என்று பெயரிட்டார். திருமுழுக்கு யோவானின் பெயரில் உள்ள அருட்பொருளைக் கொண்டு 'கருணையன்' என்றார். இவையும் பொருள்விளக்கங்களே. ஒலியைப் பெயர்க்காமல் சொல்லின் கருத்தைப் பெயர்க்கும் இந்த முறை, சீகன்பால்கு வழி வந்த புரோட்டஸ்டண்டு மொழிபெயர்ப்புகளில் காணப்படாதது. காப்பியம் என்ற வகையில் அதன் சிறப்பில் ஐயமில்லை. அதை வேதநூலின் பொருள் என்று கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. லூத்தரன்கள் கேட்டதும் அதைத்தான்.

நன்னூலில் ஓர் இணை

உரை காணும் நெறிகளைத் தமிழர் ஐரோப்பியரிடமிருந்து கற்க வேண்டியிருக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் உரைக்கு 14 உறுப்புகளைக் கூறுகிறார். சொற்பொருள், உதாரணம், வினா, விடை என்று செல்லும் அந்த வரிசையில் 'அதிகாரம்' என்று ஒன்றும் 'ஆசிரியவசனம்' என்று ஒன்றும் உண்டு. எடுத்துக்கொண்ட பகுதியின் முன்பின் போக்கோடு பொருந்த உரைப்பது அதிகாரம். முன்னோர் வாக்கை மேற்கோளாகக் காட்டித் துணிவது ஆசிரியவசனம். தரங்கம்பாடி அதிகாரத்தை உயர்த்திப் பிடித்தது என்றும், கோணான்குப்பம் ஆசிரியவசனத்தை உயர்த்திப் பிடித்தது என்றும் சொன்னால் பெரிய பிழை இராது. பவணந்தியாரோ இரண்டையும் ஒரே உரைக்குரிய உறுப்புகளாக வைத்தார்.

ஒரு சொல்லின் கதை

கோணான்குப்பத்துப் பெரியநாயகியைச் சுற்றிய கருத்து வேறுபாடு பெருமளவு ஒரு கிரேக்கச் சொல்லில் வந்து நிற்கிறது. லூக்கா நற்செய்தி 1ஆம் அதிகாரம் 28ஆம் வசனத்தில் வானதூதர் மரியாளை வாழ்த்தும் சொல் 'கெகரிதோமெனே'. இலத்தீன் வுல்காத்தா மொழிபெயர்ப்பு இதை 'கிராசியா பிளேனா', அதாவது அருள் நிறைந்தவள் என்று பெயர்த்தது. மேற்குலகக் கத்தோலிக்கரின் மரியாள் பக்தி இச்சொல்லைச் சுற்றி வளர்ந்தது. தமிழ்க் கத்தோலிக்கரின் பழைய செபமும் 'பூரணம்' என்ற சொல்லைக் கொண்டு அந்த நிறைவையே காட்டியது.

லூத்தருக்கு இது பொருந்தவில்லை. மொழிபெயர்ப்பைப் பற்றி 1530இல் எழுதிய மடலில் அவர் இதைக் கேலி செய்கிறார்: 'நிறைந்த' என்று சொன்னால் ஜெர்மானியனுக்குப் பீர் நிறைந்த பீப்பாயும் பணம் நிறைந்த பையும்தான் நினைவுக்கு வரும் என்பது அவர் வாதம். அவர் அன்பான ஒரு பேச்சுவழக்குச் சொல்லை இட்டார். கேலி சுவையானதுதான். ஆனால் ஜெர்மானியன் காதில் எப்படி விழுகிறது என்பது மட்டும் கிரேக்கச் சொல்லின் பொருளைத் தீர்மானித்துவிடாது.

இலக்கணம் என்ன சொல்கிறது? அச்சொல் செயப்பாட்டு வினையடியாகப் பிறந்த பெயர். வினை முடிந்து அதன் பயன் நிலைத்திருப்பதைக் காட்டும் வடிவம். 'அருள் அளிக்கப்பெற்று அந்நிலையில் இருப்பவள்' என்று விரிக்கலாம். புதிய ஏற்பாட்டில் அதே வினை இன்னும் ஓரிடத்தில்தான் வருகிறது: எபேசியர் 1:6. அங்கு அது விசுவாசிகள் அனைவரையும் பற்றியது. 'அருள் நிறைந்த' என்பதற்கு நேரான தனிக் கிரேக்கத் தொடர் யோவான் 1:14இல் உண்டு. அது இயேசுவைக் குறிக்கிறது. ஆகவே சொல்லை மட்டும் கொண்டு மரியாளுக்குத் தனிநிலை நிறுவ முடியாது. அதே வேளையில், வானதூதர் அவளைப் பெயர் சொல்லி அழைக்காமல் இச்சொல்லையே பெயராக இட்டு அழைக்கிறார் என்ற கத்தோலிக்கரின் கவனிப்பும் பனுவலில் உள்ளதே. அதையும் புறந்தள்ள முடியாது.

1871இல் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு இங்கே 'கிருபை பெற்றவள்' என்ற பொருளைத் தந்தது. ஹென்றி பவர் தலைமையில், முத்தையா பிள்ளையின் துணையோடு உருவான அம்மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் இலக்கணத்துக்கு நெருங்கி நின்றது. நிறைவுக் கருத்தை அது விட்டுவிட்டது.

பந்தி வேற்றுமை

சொற்பூசல் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் தவறாகப் பொருள்கொள்வதன் விலையை மனிதர்கள் கொடுத்த இடமும் தமிழகத்தில் உண்டு. 18ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவச் சபைகளில் சாதிவாரியாக இருக்கைகள் பிரிந்திருந்தன. நற்கருணைப் பாத்திரத்தில் யார் முதலில் பருகுவது என்பதும் சாதியைப் பொறுத்திருந்தது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் இவ்வேற்றுமைகளை விட்டொழிக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது தஞ்சைப் பகுதிச் சபைகளில் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. சாதி சமூக ஏற்பாடு, சமயத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்று வாதிட்டவர்களில் கல்வியும் பக்தியும் மிக்கவர்கள் இருந்தனர். லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுலும் ஏறத்தாழ இப்பக்கமே நின்றார். அதே மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் அதை ஏற்க மறுத்து விலகினார். அவர் தென்னார்க்காட்டில் மேல்பட்டாம்பாக்கத்தை மையமாக்கித் தொடங்கிய பணி 1860களில் டேனிஷ் மிஷன் சங்கத்தின் பணியாக மாறியது.

இவ்விவாதத்தில் தவிர்க்க முடியாத வசனம் கலாத்தியர் 3:28. கிறிஸ்துவுக்குள் யூதரென்றும் கிரேக்கரென்றும், அடிமையென்றும் சுயாதீனரென்றும் வேற்றுமை இல்லை என்கிறார் பவுல். இந்த வசனத்தை மட்டும் தனியே எடுத்தால், இது ஆன்மாவின் நிலையைப் பற்றியது, பந்தியைப் பற்றியது அன்று என்று சொல்லிவிட இடமுண்டு. ஆனால் கடிதத்தை முதலிலிருந்து வாசிப்பவர் 2ஆம் அதிகாரத்தைக் கடந்தே 3ஆம் அதிகாரத்துக்கு வர வேண்டும். அங்கே பவுல் சொல்லும் நிகழ்ச்சி ஒரு பந்தி நிகழ்ச்சி. அந்தியோகியாவில் யூதரல்லாதோருடன் சேர்ந்து உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொள்கிறார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டிக்கிறார். கடிதத்தின் வாதமே அந்தப் பந்தியிலிருந்துதான் விரிகிறது. அப்படியிருக்க, அதே கடிதத்தின் ஒரு வசனத்துக்குப் பந்தியோடு தொடர்பில்லை என்று பொருள்சொல்வது அதிகாரத்தோடு பொருந்தாத உரை. நன்னூல் கற்ற தமிழ்ப் புலவர் எவரும் வேறொரு நூலில் இத்தகைய உரையை அனுமதித்திருக்க மாட்டார்.

நெறி தெரியாததால் மட்டும் இது நேரவில்லை. சூழலோடு பொருத்திப் படிக்க வேண்டும் என்பதைப் பிற இடங்களில் ஒப்புக்கொண்டவர்கள், தம் இருக்கையைத் தொடும் இடத்தில் அதை மறந்தார்கள். தாழ்த்தப்பட்ட சாதியினர் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட மூலையிலிருந்து இந்த வசனம் வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாவலர் பிடித்த அளவுகோல்

கிறித்தவத்துக்கு வெளியிலிருந்தும் இந்நெறிகளைச் சோதித்தவர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணம் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879), வெஸ்லியன் மிஷன் குரு பீட்டர் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணையாக இருந்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. மொழிபெயர்ப்புக்காக விவிலியத்தை அவர் ஆழ்ந்து கற்றிருந்தார். பிரசங்கத்துக்காகத் தேர்ந்தெடுத்த வசனங்களை மட்டும் அறிந்தவர் அல்லர்.

1854இல் அவர் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' இந்தப் பயிற்சியின் விளைவு. கோயில், தூபம், தீபம், நைவேத்தியம், தீட்டு, தீர்த்தம் ஆகியவற்றைப் போதகர்கள் பழித்தார்கள். எபிரேய வேதத்தில் ஆசரிப்புக் கூடாரமும் உடன்படிக்கைப் பெட்டியும் தூபபீடமும் பலிகளும் சுத்திகரிப்பு விதிகளும் கடவுளின் கட்டளையாகவே வருகின்றன என்று நாவலர் இடஞ்சுட்டிக் காட்டினார். புதிய ஏற்பாடு அவற்றை நிறைவேறிப்போனவையாகக் கருதுகிறது என்பது கிறித்தவர் தரக்கூடிய விடை. எபிரேயர் நிருபத்தில் அதற்கு ஆதாரமும் உண்டு. ஆனால் அந்த விடை, சடங்கு என்பதே இழிவு என்ற பழிப்புக்குத் துணை நிற்காது. தம் நூலுக்குச் சூழலும் காலமும் பார்த்துப் பொருள்சொல்வோர் பிறர் நூலுக்கும் அதே சலுகையைத் தரவேண்டும் என்பது நாவலர் எழுப்பிய கேள்வியில் அடங்கியிருந்தது.

ரேனியஸ் முதல் திண்டிவனம் வரை

மொழிபெயர்ப்பு நெறிகளைத் தனி நூலாகவே எழுதியவர், திருநெல்வேலிப் பகுதியில் பணியாற்றிய சார்லஸ் ரேனியஸ் (1790–1838). வேதநூலை மொழிபெயர்க்கும் நெறிகள் பற்றிய அவருடைய ஆங்கிலக் கட்டுரை 1827இல் வெளிவந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறைவுற்ற பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் ஒட்டிச் செல்வது. அதன் பக்தி மணம் மக்களைக் கவர்ந்திருந்தது. சொல்லை ஒட்டி நின்றால் தமிழ் கெடும், மனம்போல் விலகினால் மூலம் கெடும், இரண்டுக்கும் நடுவே கருத்து தெளிவாக விளங்க வேண்டும் என்பதே ரேனியஸின் நிலை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இப்புதுத் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். மனப்பாடமாகிவிட்ட சொற்களை மாற்றுவது வேதத்தையே மாற்றுவதாக அவருக்குப் பட்டது. சபைகளில் சாதி ஒழுங்குகளைக் குலைப்பதையும் அவர் எதிர்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடவுளைக் குறிக்கும் சொல் மாறிவந்ததே இந்த வரலாற்றின் சுருக்கம் எனலாம். கத்தோலிக்கர் சருவேசுரன் என்றனர். பப்ரிசியஸ் பராபரன் என்றார். ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. டேனிஷ் மிஷனைச் சேர்ந்த எல்.பி. லார்சன் முன்னின்று திருத்திய பதிப்பு 1936இல் வந்தது. அறிஞர் பலர் பாராட்டியும் சபை மக்கள் அதை ஏற்கவில்லை.

கத்தோலிக்கத் தரப்பில் மாற்றம் 1943இல் தொடங்கியது. மூலமொழியையும் எழுத்தாளரின் காலச் சூழலையும் இலக்கிய வகையையும் ஆராய்ந்து பொருள்கொள்ள வேண்டும் என்று அவ்வாண்டில் திருத்தந்தை 12ஆம் பயஸ் சுற்றுமடல் எழுதினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அதை உறுதிசெய்ததோடு, பிற சபையினரோடு சேர்ந்து மொழிபெயர்க்கவும் இடம் தந்தது. கூட்டு மொழிபெயர்ப்புக்கான பொது நெறிகளை வத்திக்கானும் உலக வேதாகமச் சங்கங்களும் 1968இல் வகுத்தன. இவற்றின் தமிழ் விளைவு 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க அறிஞரும் புரோட்டஸ்டண்டு அறிஞரும் இணைந்து செய்த இப்பணியில் திண்டிவனத்தில் உள்ள தமிழக விவிலிய மறைக்கல்வி வழிபாட்டுப் பணிநிலையத்துக்கு முக்கிய பங்கு உண்டு. கோணான்குப்பமும் மேல்பட்டாம்பாக்கமும் திண்டிவனமும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குள் அடங்கிய ஊர்களே.

லூக்கா 1:28இல் இம்மொழிபெயர்ப்பு 'அருள்மிகப் பெற்றவர்' என்ற சொல்லாட்சியைத் தேர்ந்தது. 'மிக' என்பதில் பழைய நிறைவு நிற்கிறது; 'பெற்றவர்' என்பதில் செயப்பாட்டுப் பொருள் நிற்கிறது. 'பெற்றவள்' என்பது மரியாதை விகுதியோடு 'பெற்றவர்' ஆனதும் கவனிக்கத்தக்கது. வீரமாமுனிவரும் சீகன்பாலுகுவின் வழிவந்தோரும் ஒரே மேசையில் இருந்து கிரேக்க இலக்கணத்தைப் புரட்டியிருந்தால் ஏறத்தாழ இங்கேதான் வந்து சேர்ந்திருப்பார்கள்.

எல்லாவற்றிலும் உடன்பாடு ஏற்பட்டுவிடவில்லை. கத்தோலிக்கர் ஏற்று, புரோட்டஸ்டண்டுகள் ஏற்காத பழைய ஏற்பாட்டு நூல்கள் பொது மொழிபெயர்ப்பில் 'இணைத்திருமுறை' என்ற தலைப்பில் தனிப்பகுதியாக அச்சிடப்பட்டன. கத்தோலிக்க ஆலயங்களில் இன்று பொது மொழிபெயர்ப்பே வாசிக்கப்படுகிறது. புரோட்டஸ்டண்டு சபைகளில் பெரும்பாலானவை 1871இன் மொழிபெயர்ப்பையே இன்றும் கையில் வைத்திருக்கின்றன.